வேதக்காரர் என்னும் வழக்கு

புதூரையும் கோவிற்பட்டியையும் சூழ்ந்த கரிசற் சீமையிலே முதியோர் வாக்கில் 'கிறிஸ்தவம்' என்னுஞ் சொல் அருகியே வழங்கும். 'வேதம்' என்பதே வழக்கு. அச்சமயஞ் சார்ந்தோர் வேதக்காரர். அவர்தம் ஆலயம் வேதக்கோயில். அதிற் புகுதல் வேதத்திற் சேர்தல்.

கிறிஸ்து என்னுங் கிரேக்கச் சொற்குத் தைலம் பூசப்பெற்றவர் என்பது பொருள். எபிரேயத்து மேசியா என்பதன் மொழிபெயர்ப்பு அது. அவர்தஞ் சீடர் அந்தியோகியாவிலே முதற்கண் கிறிஸ்தவர் எனப்பட்டனர். பிறர் இட்ட பெயரென்பர் அறிஞர் பலர்.

தமிழகத்திலோ அவர் தாமே வேதமென்னும் பெயரை மேற்கொண்டனர். 1606இல் மதுரை போந்த தத்துவ போதகர் தம் சமயத்தைச் சத்திய வேதம் என்றார். இக்கரிசற் பகுதியிற் காமநாயக்கன்பட்டியிலே தொண்டாற்றிய வீரமாமுனிவர் வேதவிளக்கம், வேதியர் ஒழுக்கம் எனத் தம் நூல்கட்குப் பெயரிட்டார். நமக்கு வேதியர் அந்தணர். அவர்க்கோ சமயம் போதிக்கும் உபதேசியார்.

நம்மவருட் சிலர் இதனைச் சொற்களவென்று வெகுள்வர். அவ்வெகுளி பொருந்துமாறு யாம் காண்கிலம். வித் என்னும் அடியாற் பிறந்த அச்சொற்கு அறிவென்பதே பொருள். இரங்கற்பாலது வேறொன்று: 'நீங்கள் வேதமா?' என வினவின், நான்மறை முதல்வனைத் தொழுங் குடியினரே 'இல்லை' என்பர். வேதங் கேட்டற்கும் உரிமை பெறாதிருந்த குடிகட்கு எழுத்தறிவித்து, நூலைக் கையிற் கொடுத்து, 'இது வேதம்' என்றோர் அப்போதகரே. முன் கேட்டறியாத சொற்கு அக்குடிகள் வேறு பொருள் எங்ஙனங் கொள்வர்?