மேட்டை வென்ற பற்சக்கரம்

மேட்டுப் பாதையில் மிதிவண்டி ஓட்டியவர் எவரும் ஒரு நிலையை அறிவர். கால் எவ்வளவு அழுத்தினும் சக்கரம் சுழல மறுக்கும். இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியிராது. இத்தொல்லையைத் தீர்ப்பதற்கென்றே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் பிரெஞ்சு நாட்டில் இருந்தார். அவர் பந்தய வீரர் அல்லர், பட்டு வாணிகர். பால் தெ விவி என்பது இயற்பெயர். 'வெலோசியோ' என்ற புனைபெயராலேயே உலகம் அவரை அறியும்.

1853-ஆம் ஆண்டில் பிறந்த வெலோசியோ, மலைகள் சூழ்ந்த செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்தார். மிதிவண்டியின்மேல் கொண்ட காதல் நாளடைவில் வாணிகத்தையே விடச் செய்தது. 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழ் தொடங்கினார். மிதிவண்டிக் கடையும் வைத்தார். இரவெல்லாம் மிதித்து, விடிந்தபின்னும் தொடரும் நெடும் பயணங்கள் அவருக்கு இன்பம் தந்தன. நகரின் தெற்கே 1,161 மீட்டர் உயரத்திலுள்ள ரெப்புப்ளிக் கணவாய் அவர் அடிக்கடி ஏறிய வழி. அதுவே அவருடைய ஆய்வுக்கூடம் எனலாம்.

அக்கால வண்டிகளில் முன்னே ஒரு பற்சக்கரமும் பின்னே ஒரு பற்சக்கரமுமே இருந்தன. முன்னதில் 48 பற்களும் பின்னதில் 16 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒருமுறை மிதித்துச் சுற்றினால் பின்சக்கரம் மும்முறை சுழலும். சமவெளியில் வண்டி விரைந்தோடும். மேட்டிலோ கால் ஓய்ந்துவிடும். பின்னே 24 பற்களுள்ள சக்கரத்தை மாட்டினால் பின்சக்கரம் இருமுறைதான் சுழலும். வண்டி மெல்லச் செல்லும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தமே போதும். மலையின் உயரம் குறையவில்லை. செய்யவேண்டிய வேலையும் குறையவில்லை. குன்றின்மேல் உள்ள கோயிலுக்குச் சிறு சிறு படிகள் அமைத்தது போல, வேலை பங்கிடப்படுகிறது, அவ்வளவே. பாதைக்கேற்பச் சங்கிலியைச் சக்கரத்துக்குச் சக்கரம் மாற்றும் முறைகளைத் தாமே ஓட்டிச் சோதித்தும், இதழில் ஓயாது எழுதியும் வெலோசியோ பரப்பினார்.

எதிர்ப்பு எழாமலில்லை. 1903-இல் தொடங்கிய 'டூர் டி பிரான்ஸ்' என்னும் பெரும் பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ஜ், இது முதியோர்க்கும் வலுவற்றோர்க்கும் உரிய உதவி என்று ஒதுக்கினார். பந்தயம் மனிதனின் தசையைச் சோதிக்க வேண்டுமேயன்றி, பொறியைச் சோதிக்கலாகாது என்பது அவர் வாதம். இதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆயினும், சாலை பந்தய வீரர்க்கு மட்டும் உரியதா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

விடை மலையிலேயே கிடைத்தது. பிரனீஸ் மலையிலுள்ள தூர்மாலே கணவாய் 2,115 மீட்டர் உயரமுடையது. 1902-இல் அங்கே நடந்த ஒரு சோதனையில், மார்த் ஹெஸ் என்ற பெண்மணி மூன்று கியர் கொண்ட வண்டியில் ஏறிக் காட்டினார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1910-இல், டூர் பந்தயம் முதன்முதலாக அக்கணவாய்க்கு வந்தது. ஒற்றைக் கியர் வண்டியை விட்டு இறங்காமல் உச்சி சேர்ந்த குஸ்தாவ் காரிகூவுக்குத் தனிப் பரிசே வழங்கப்பட்டது. இறங்காமல் ஏறுவது அத்துணை அரிய செயலாயிருந்தது!

வெலோசியோ நெடும்பயணிகளுக்குச் சில நெறிகளும் வகுத்தார். பசிக்குமுன் உண்ணவேண்டும், விடாய் தோன்றுமுன் பருகவேண்டும், தொடக்கத்தில் வலிமையை விரயம் செய்யலாகாது, பிறர் மெச்சவேண்டும் என்பதற்காக ஓட்டவே கூடாது. பெருமைக்காக ஓட்டாதவரே கியரைச் சிறுமையென்று கருதாமலிருக்க முடிந்தது.

1930-இல், தம் 76-ஆம் வயதில், செந்தெத்தியேன் நகரில் டிராம் வண்டி மோதி அவர் உயிர் நீத்தார். 1937-இல்தான் டூர் பந்தயம் கியர் மாற்றும் அமைப்புக்கு இடமளித்தது. அதைக் காண அவர் இல்லை. அவர் நாள்தோறும் நோக்கிய கணவாயில் இன்று அவருடைய நினைவுச் சின்னம் நிற்கிறது.

கருவி மனிதனின் முயற்சியை அழித்துவிடும் என்று அஞ்சுவோர் எக்காலத்தும் உளர். மிதிவண்டியின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பற்சக்கரங்கள் பெருகியபின்பும் மலையேறுவோர் வியர்வை சிந்தியே ஏறுகின்றனர். ஒரு சிலர் மட்டும் ஏறிய மலையில் இப்போது பலர் ஏறுகின்றனர். வெலோசியோ விரும்பியதும் அதுவே.