கம்பவுண்டர் கலக்கிக் கொடுத்த மருந்து



நம் குடியிருப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கழுவி எடுத்துப் போன காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். டாக்டர் சீட்டு எழுதுவார். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் கம்பவுண்டர் அதைப் படித்து, மருந்தைக் கலந்து ஊற்றுவார். பாட்டிலின் பக்கவாட்டில், ஓரத்தில் வெட்டுப் போட்ட ஒரு காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே இருப்பது ஒரு வேளை மருந்து. எழுத்துத் தெரியாதவரும் அளவு தவறாமல் குடிக்கலாம்.

பார்க்க எளிதாகத் தெரிந்த அந்த வேலைக்குப் பின்னால் பெரிய கணக்கு இருந்தது. மலேரியாவுக்குக் கொடுத்த குவினைன் சல்பேட் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீர்த்த கந்தக அமிலம் சில துளி விட்டால்தான் கரையும். எதிலும் கரையாத தூள் என்றால், பிசின் சேர்த்து அரைத்து மிதக்க விடுவார்கள். 'குலுக்கிவிட்டுக் குடிக்கவும்' என்று எழுதியது அதற்காகத்தான். குலுக்காவிட்டால் முதல் வேளைக்கு வெறும் தண்ணீர், கடைசி வேளைக்கு மொத்த மருந்தும் போய்விடும்.

பொடி மருந்திலும் இப்படித்தான். வீரியமான மருந்து ஒரு சிட்டிகை, அதோடு கலக்கும் பால் சர்க்கரை ஒரு கை என்றால், இரண்டையும் ஒரேயடியாகக் கொட்டிக் கிளறக் கூடாது. மருந்தின் அளவுக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்துக் கல்வத்தில் அரைக்க வேண்டும். பிறகு அந்தக் கலவையின் அளவுக்குச் சமமாக மீண்டும் சேர்க்க வேண்டும். இப்படி இரட்டிப்பாகப் போனால்தான் எல்லாப் பொட்டலத்திலும் ஒரே அளவு மருந்து இருக்கும்.

அன்றைய அளவை கிரெயின், டிராம், அவுன்ஸ். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்தான். எனவே நல்ல கம்பவுண்டர் லேபிளை மூன்று முறை படிப்பார்: ஜாடியை எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது. வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம் இருக்கும். நம்பிக்கை இல்லாமல் அல்ல, மனிதன் தவறுவான் என்பதால். கம்பவுண்டருக்கு அந்த மூன்று வாசிப்பே இரண்டாவது சாவி.

சென்னையில் இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அண்ணா சாலையில் சிவப்பு நிறக் கோபுரங்களோடு நிற்கும் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897ல் டபிள்யூ. ஈ. ஸ்மித் என்ற மருந்து நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டதே. ஆனால் நாடு முழுவதும் போதிய கட்டுப்பாடு இல்லை. 1930ல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு, போலி மருந்துகளையும் பயிற்சியில்லாத கைகளையும் பற்றி எச்சரித்தது. அதன் தொடர்ச்சியாக 1940ல் மருந்துச் சட்டமும், 1948ல் பார்மசி சட்டமும் வந்தன. டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேண்டும் என்றானது. அதற்குள் கலக்கும் வேலை தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கிவிட்டது.

தொழிற்சாலைக்குப் போனாலும் பழைய கேள்வி மாறவில்லை: மருந்தை எதில் கரைப்பது?

1937ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தைத் திரவமாக விற்க நினைத்த ஒரு நிறுவனம், அதை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தது. நிறம், மணம், சுவை பார்த்தார்கள். நஞ்சா என்று பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இனிப்பான, நிறமற்ற அந்தத் திரவம் சிறுநீரகத்தை அழித்துவிடும். பார்வைக்கு அது கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போலவே இருக்கும். மருந்துத் தரச் சரக்குக்குப் பதில் மலிவான தொழிற்சாலைச் சரக்கு வாங்கினால் உள்ளே நுழைந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள் இதே நஞ்சால் இறந்தார்கள். 1986ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 2022ல் காம்பியா நாட்டிலும் பல குழந்தைகள் பலியானார்கள்.

இதையெல்லாம் தூரத்துச் செய்தியாகப் படித்துவிட்டுப் போயிருப்போம். 2025 அக்டோபரில் அது நம் சாலைக்கே வந்தது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருமே சுங்குவார்சத்திரம், அங்கே தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரிந்தது 48.6 சதவீதம். பாதி பாட்டில் நஞ்சு! நாம் பேருந்தில் கடந்து போகும் ஊரில், வந்த பீப்பாயின் லேபிளை நம்பாமல் ஒரு முறை சோதித்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்குப் போயிருப்பார்கள்.

நம் வீட்டளவில் என்ன செய்யலாம்?

• நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி சிரப் கூடாது என்று 2023லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. லேபிளைப் படியுங்கள். எந்தச் சிரப்பையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

• பில் கேட்டு வாங்குங்கள். அதில் பேட்ச் எண் இருக்கட்டும். ஒரு பேட்சைத் திரும்பப் பெறும்போது அந்த எண்தான் உங்களுக்குத் தகவல் சொல்லும்.

• குழந்தைகளின் ஆன்டிபயாடிக் பொடியில் தண்ணீர் ஊற்றும்போது நீங்களே கம்பவுண்டர். ஆறவைத்த கொதிநீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, பிறகு கோடு வரை நிரப்புங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். லேபிளில் சொன்ன நாட்களுக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

அந்தப் பழைய கம்பவுண்டர் மூன்று முறை படித்தார். நாம் ஒரு முறையாவது படிப்போம்.