ஒக்காகராராவில் உரைத்த மன்னிப்பு
காலனி ஆட்சியில் இழைத்த கொடுமைகளுக்காக, அவை நிகழ்ந்த மண்ணிலேயே நின்று, ஆட்சிப் பொறுப்பிலுள்ள ஐரோப்பியர் ஒருவர் மன்னிப்பு வேண்டிய சந்தர்ப்பங்கள் மிகச் சில. அவற்றுள் 2004 ஆகஸ்டு 14 அன்று நமீபியாவின் ஒக்காகராரா என்னும் ஊரில் ஜெர்மனியின் வளர்ச்சித் துறை அமைச்சர் ஹைடெமாரி வீட்சோரெக்-சொய்ல் ஆற்றிய உரை தலையாயது என்பது என் துணிபு. அவ்வுரை ஒருநாள் உணர்ச்சியில் பிறந்ததன்று.

1942-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்து, ருஸ்ஸெல்ஸ்ஹைம் நகரில் ஆசிரியையாகப் பணியாற்றிய அவர், 1965-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1974-இல் அதன் இளைஞர் அணிக்குத் தலைமையேற்ற முதல் பெண்மணியானார். 'சிவப்பு ஹைடி' என்று அக்காலத்தில் வழங்கிய பெயர் பின்னரும் நிலைத்துவிட்டது. 1979-இல் முதன்முறையாக மக்கள் நேரே தேர்ந்தெடுத்த ஐரோப்பியப் பாராளுமன்றத்திலும், 1987 முதல் 2013 வரை ஜெர்மன் பாராளுமன்றமாகிய பண்டெஸ்டாக்கிலும் அவர் அங்கம் வகித்தார்.

1998-இல் ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரின் மந்திரிசபையில் வளர்ச்சித் துறையை ஏற்று, அடுத்த சான்சலர் மெர்க்கெல் காலத்திலும் தொடர்ந்து, 2009 வரை பதினோராண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். அவர் காலத்தில் அத்துறைக்கு, ஆயுத ஏற்றுமதியைத் தீர்மானிக்கும் கூட்டாட்சிப் பாதுகாப்புக் குழுவில் இடம் கிடைத்தது. ஒரு தேசத்துக்குப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் தரும் அரசு, அதே தேசத்துக்குப் பீரங்கி விற்கலாமா என்ற வினாவை உள்ளிருந்தே எழுப்ப இது வழி திறந்தது. 1999-இல் கொலோன் நகரில் கூடிய செல்வ நாடுகளின் மாநாடு, ஏழை நாடுகளின் கடன்சுமையை விரிந்த அளவில் தள்ளுபடி செய்ய இணங்கியதிலும் அவருடைய விடாமுயற்சிக்குப் பங்குண்டு.

எனினும், அவர் சரித்திரத்தில் நிலைபெறுவது நமீபியாவினால்தான். தென்மேற்கு ஆப்பிரிக்கா என்ற பெயரில் ஜெர்மன் காலனியாயிருந்த அந்நாட்டில், நிலத்தையும் கால்நடையையும் இழந்த ஹெரேரோ மக்கள் 1904 ஜனவரியில் கிளர்ந்தெழுந்தனர். ஆகஸ்டு 11 அன்று வாட்டர்பெர்க் மலையடியில் நடந்த போரில் முறியடிக்கப்பட்டு, நீரற்ற ஒமாஹேக்கே பாலைக்குள் விரட்டப்பட்டவர்கள், கிணறுகளைத் துருப்புகள் காவல் காக்க, கூட்டம் கூட்டமாகத் தாகத்தால் மடிந்தனர். பின்னர் தளபதி ஃபான் ட்ரோட்டா, ஆயுதம் தாங்கியவராயினும் தாங்காதவராயினும் எல்லைக்குள் காணப்படும் ஹெரேரோ ஆடவர் எவரும் சுடப்படுவர் என்றும், பெண்டிரும் குழந்தைகளும் துரத்தப்படுவர் என்றும் அக்டோபர் 2 அன்று ஆணையிட்டான். ஹெரேரோக்களில் பெரும்பகுதியினரும், அந்நாட்டின் மற்றோர் இனமான நாமா மக்களில் ஏறத்தாழப் பாதியினரும் அழிந்தனர்.

நூறாண்டு கழித்து, அந்த மலைக்கு அருகிலேயே கூடிய நினைவுக் கூட்டத்தில், அக்கொடுஞ்செயல் இன்றைய நோக்கில் இனப்படுகொலையே எனவும், ஃபான் ட்ரோட்டா இன்றிருந்தால் விசாரணைக்கு உள்ளாகித் தண்டிக்கப்பட்டிருப்பான் எனவும் அமைச்சர் கூறினார். இயேசு கற்பித்த ஜெபத்தின் பொருளில் தம் மக்களின் பிழையை மன்னிக்குமாறு அவர் வேண்டியபோது, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்குமாறு கூட்டத்திலிருந்து குரல் எழுந்தது. தாம் கூறியவை யாவும் மன்னிப்பே என அவர் விடையளித்தார். ஹெரேரோ தரப்பினர் 2001-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்திருந்த சூழலில், ஒவ்வொரு சொல்லையும் சட்ட நிபுணர்கள் எடைபோடும் வேளையில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

ஆயினும் அவர் திறந்த வழியில் அரசு முழுதும் செல்லவில்லை. 2021-இல் ஜெர்மனி அதனை இனப்படுகொலையென ஏற்று, முப்பதாண்டுகளில் 110 கோடி யூரோ அளிக்க முன்வந்தபோது, அத்தொகையை இழப்பீடு என்னாது வளர்ச்சி உதவி சார்ந்ததாகவே வகுத்தது. வரலாற்றுக் குற்றத்தை ஏற்பதும் உதவி புரிவதும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் கடமைகள் என அவ்வம்மையார் இணைத்தார். பின்வந்தோரோ, ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக வைத்தனர். பேச்சுவார்த்தையில் தமக்கு நேரிடையான இடம் தரப்படவில்லை என்று கூறி, ஹெரேரோ, நாமா தலைவர்களுள் பலர் அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தனர்; அவர்களது மறுப்பு நியாயமானதே.