கடைப் பற்றிலிருந்து கடன் அட்டைக்கு

மலாயாவின் வருமான வரிச் சட்டம் 1947-இல் இயற்றப்பட்டு, 1948 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. கோலா சாவா பக்கம் பால்மரம் சீவியவர்களின் கூலிக்கு அது எட்டாத தூரம். அவர்களுக்குத் தெரிந்தது தோட்டத்துக் கடைப் பற்றுதான்: மாதம் முழுக்க அரிசி, பருப்பு, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பு.

1995 முதல் சம்பளத்திலேயே மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். மிச்ச வரியைப் பேரப்பிள்ளைகள் கடன் அட்டையிலும் கட்டலாம். கட்டணம் 0.8 விழுக்காடு, அதாவது 1,000 ரிங்கிட்டுக்கு 8 ரிங்கிட். தவணை தவறினா தண்டம் 10 விழுக்காடு, அதனால அட்டைதான் லாபம்னு தோணும். அட்டை பாக்கியை அடுத்த மாதமே அடைப்பவருக்கு அது சரி. இழுத்தடிப்பவருக்கு வங்கி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி போடும். ஓராண்டில் 1,000 ரிங்கிட்டுக்கு 150-க்குக் குறையாது. தண்டமோ 100 ரிங்கிட்தான்.