பிடிப்பவர் இல்லாத வரி: வன்னியிலிருந்து கடல்கடந்த வேலை

1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு இலங்கையில் வருமான வரி தொடங்கியபோது, வன்னியில் மாதச் சம்பளக்காரர் கச்சேரியையும் பாடசாலையையும் விட்டால் சொற்பமே. பிற்பாடு வந்த ‘உழைக்கும்போதே செலுத்தும் வரி’ சம்பளம் கொடுப்பவரையே அரசுக்கு வரி பிடித்துக் கொடுப்பவர் ஆக்கியது. தொழில்கொள்வோர் அரசின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடு நின்றது.

போர்க்கால வன்னியில் அந்த நம்பிக்கை வினோதமாக வளைந்தது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் ஆசிரியர்களுக்கும் கச்சேரி ஊழியர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தது. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின், ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வந்த சரக்குகளுக்குப் புலிகள் வரி அறவிட்டார்கள். சம்பளம் கொடுத்தது ஓர் ஆட்சி. அதில் வாங்கிய சாமானுக்கு வரி எடுத்தது இன்னோர் ஆட்சி. 2009 மே மாதத்தோடு அந்த இரட்டை நிலை முடிந்தது.

இன்று தொழில்கொள்வோர் ஓமந்தைக்கு அப்பால் அல்ல, கடலுக்கு அப்பால். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ படித்த ஒருவர் வீட்டிலிருந்தே ரொறன்ரோ கம்பனிக்கு மென்பொருள் எழுதலாம். பொதுவிதியின்படி, வேலை நடக்கும் நாட்டுக்கே வரி உரியது. ஆனால் ரொறன்ரோ கம்பனியை வரி பிடிக்கச் சொல்லக் கொழும்புக்கு வழியில்லை. அமெரிக்காவில் இதே சிக்கல் மாநிலங்களுக்கிடையே எழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் மாசச்சூசெற்ஸ் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்த நியூ ஹாம்ஷயர் மக்களிடம் மாசச்சூசெற்ஸ் வரி பிடித்ததை எதிர்த்து நியூ ஹாம்ஷயர் தொடுத்த வழக்கை, உச்ச நீதிமன்றம் 2021இல் விசாரணைக்கே எடுக்கவில்லை.

இலங்கைச் சட்டமோ 2020 முதல் இங்கும் அங்கும் அலைந்தது. 2020 ஜனவரியில் பழைய பிடிப்புமுறை நீங்கியது. ஏப்ரலில் வந்த முற்பணத் தனிநபர் வருமான வரி ஊழியரின் சம்மதத்தில் தங்கியிருந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2023 ஜனவரியில் அது கட்டாயமானது. வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இருந்த விலக்கு 2025 ஏப்ரல் 1இல் நீங்கி, உச்ச வீதம் 15% என்றானது.

மாதம் 3 இலட்சம் ரூபா உழைக்கும் இருவரை எடுப்போம். ஆண்டு விடுவிப்பான 18 இலட்சத்தைக் கழித்தால் இருவருக்கும் எஞ்சுவது 18 இலட்சம். கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலை அதிகாரிக்கு 6, 18, 24 வீதப் படிகளில் வரி 2,22,000 ரூபா. கம்பனியே பிடித்துக் கட்டிவிடும். வெளிநாட்டுக்குச் சேவை செய்பவருக்கு முதல் 10 இலட்சத்துக்கு 6%, மீதிக்கு 15%, ஆக 1,80,000. ஆனால் அவர்தான் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதிகளுக்குள் தவணை கட்டி, நவம்பர் 30க்குள் விபரத்திரட்டும் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் என்றே எழுதி எடுக்கப்பட்டவருக்கு ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. அந்த 42,000 ரூபா வித்தியாசத்தைச் சலுகை என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

இந்த 15 வீதத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் வர வேண்டும். புலம்பெயர்ந்த உறவினரின் சிறு கம்பனிக்கு வேலை செய்து கூலியை வங்கி சாராத உண்டியல் முறையில் வாங்குபவர் அந்த உச்சவரம்புக்குள் வரமாட்டார். அவருக்கு 36 வீதம் வரை ஏறும் வழமையான படிகளே பொருந்தும்.