பாமினிக் காலமும் பித்ரி உக்காக் குடுவையும்: காஞ்சித் தாக்குதலை முன்வைத்து ஒரு காலக்கணிப்பு

பீதரைத் தலைநகராகக் கொண்ட பாமினி சுல்தான் மூன்றாம் முகம்மது ஷா 1481ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தைத் தாக்கினார். இச்செய்தியைப் புர்ஹானி மாஸிர், பெரிஷ்தாவின் வரலாறு ஆகிய பாரசீக நூல்கள் விரித்துரைக்கின்றன. இரண்டும் நிகழ்ச்சிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் எழுந்தவை. ஆதலின், கோயிற் செல்வம் பற்றிய அவற்றின் வருணனையை அப்படியே கொள்ளவியலாது. எனினும், பொன்னும் மணியும் பீதர்ப் படையினர் கைக்குச் சென்றன என்னும் அடிப்படைச் செய்தியை மறுக்கக் காரணமில்லை.

பீதருக்குப் பிறிதொரு புகழும் உண்டு. கரிய உலோகத்தில் செதுக்கி வெள்ளி பதிக்கும் பித்ரிக் கலங்கள் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றன. ஈரானிலிருந்து வந்த கைவினைஞர் பாமினி சுல்தான்களின் ஆதரவில் இக்கலையைத் தொடங்கினர் என்பது மரபுவழிச் செய்தி. இதனையும் காஞ்சித் தாக்குதலையும் இணைத்து, தென்னாட்டுக் கோயிற் செல்வமே இக்கலையை வளர்த்தது என்று கருதத் தோன்றுவது இயல்பே. அக்கருத்து நிற்குமா என்பதைக் கலங்களே காட்டும்.

பித்ரிக் கலத்தின் உடல் பொன்னுமன்று, வெள்ளியுமன்று, துத்தநாகம். அதனுடன் சிறிதளவு செம்பு சேர்த்து உருக்கி, மண் அச்சில் வார்ப்பர். வார்த்த கலத்தை அராவி மெருகிட்டு, மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கருமையாக்குவர். அப்போதுதான் எழுத்தாணி கீறும் கோடுகள் கண்ணுக்குப் புலனாகும். கோடுகளைச் சிற்றுளியால் பள்ளமாகச் செதுக்கி, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துத் தட்டிப் பதிப்பர். இறுதியில் கலத்தை மிதமாகச் சூடாக்கி, பீதர்க் கோட்டையின் பழைய மண்ணும் நவச்சாரமும் கலந்த குழம்பைத் தேய்ப்பர். துத்தநாகக் கலவை நிலையான கருநிறம் பெறும், வெள்ளி மாறாது. கலவையிலுள்ள அந்தச் சிறிதளவு செம்பு இல்லையேல் இக்கருமை கைகூடாது. கலத்தின் பெரும்பகுதி மலிவான உலோகம். வெள்ளி மேற்பரப்பில் மட்டுமே. கொள்ளைப் பொன்னின் வரவால் பிறந்த கலையாயின், அது இத்தகைய உலோகத்தைத் தேர்ந்தது ஏன் என்னும் வினா எழும்.

காலத்தைப் பற்றிய சான்று இன்னும் வலியது. இன்று அருங்காட்சியகங்களிற் காணப்படும் பித்ரிக் கலங்களுள் மிகுதியானவை உக்காவின் அடிக்குடுவைகள். அவற்றில் நீர் நிரப்பிப் புகையிலையின் புகையைக் குளிர்வித்தனர். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. காஞ்சி தாக்கப்பட்டபோது கொலம்பசு தம் முதற் பயணத்தையே தொடங்கவில்லை. பீஜப்பூருக்குத் தூது சென்ற ஆசாத் பேக் அங்குக் கண்ட புகையிலையையும் குழலையும் அக்பரின் அவைக்குக் கொணர்ந்தது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அவ்வவைக்கு அது புதுமையாக இருந்தது. எனவே 'பாமினிக் காலத்து உக்கா' என்று ஒரு குடுவைக்குப் பெயர்ச்சீட்டு இடப்படின், அப்பெயர்ச்சீட்டை நம்ப வேண்டியதில்லை. வடிவமும் இங்குத் துணைபுரியும்: வளையத்தின்மீது அமர்த்தும் உருண்டைக் குடுவைகள் முந்தியவை, தட்டையான அடியுடைய மணி வடிவக் குடுவைகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. வேரடி முதல் மலர் வரை தனித்தனியே நிற்கும் பூஞ்செடிகள் செதுக்கப்பட்டிருப்பின், அவை ஷாஜகான் காலத்து முகலாயப் பாணியின் தாக்கத்தைக் காட்டுவன.

கைகழுவும் நீர்க்கெண்டி, அதன் தாலம், வெற்றிலைப் பெட்டி ஆகியவற்றுக்குப் புகையிலைச் சான்று பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும் அவற்றுள்ளும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முற்பட்டதென உறுதிசெய்யத்தக்க கலம் கிடைத்திலது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத் தொகுப்பை ஆராய்ந்து 1985இல் நூல் வெளியிட்ட சூசன் ஸ்ட்ராங் முதலியோரின் காலக்கணிப்பும் இதையொட்டியதே.

அவ்வாறாயின் கருமையில் வெண்மையை ஒளிரச்செய்யும் இவ்வழகியல் எங்குத் தோன்றியது? விடையின் ஒரு பகுதி பீதர்க் கோட்டையிலேயே உள்ளது. அங்குள்ள ரங்கீன் மகாலில் கருங்கல்லைக் குடைந்து சிப்பியின் முத்தொளித் துண்டுகளைப் பதித்துள்ளனர். கொடிகளும் எழுத்துகளும் கருந்தளத்தில் மின்னும் அச்சுவரைப் பார்ப்போர்க்குப் பித்ரிக் கலம் நினைவுக்கு வராமற் போகாது. அப்பணி அலி பரீத் ஷா (1542–1580) காலத்தது. அவர் பாமினியரல்லர், அவர்களுக்குப் பின் பீதரை ஆண்ட பரீத் ஷாகி மரபினர். பாமினியரின் ஆற்றலோ காஞ்சித் தாக்குதல் நிகழ்ந்த 1481இலேயே தளரத் தொடங்கிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், பீதரில் மதரசா எழுப்பிய அமைச்சர் மகமூது காவான் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே சுல்தானும் இறந்தார்.

காஞ்சிக்கும் இக்கலத்துக்கும் ஓர் ஒப்புமை உண்டு. அதை வரலாற்றுத் தொடர்பென்று கொள்ளலாகாது. பித்ரிக் கைவினைஞர் கம்பி பதிக்கும் முறையைத் 'தார்க்கஷி' என்பர்; கம்பியிழுத்தல் என்பது அதன் பொருள். அவர்தம் மற்றொரு கலைச்சொல்லான 'ஜர்நிஷான்' என்பதன் முதற்பகுதி பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல். காஞ்சிப் பட்டுநெசவாளர் நாள்தோறும் வழங்கும் 'ஜரி' என்பதும் அதே சொல்லடியினது. மரபான ஜரியும் பட்டிழையின்மீது வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே. ஓரிடத்தில் கருந்தளத்திலும் மற்றோரிடத்தில் பட்டின் கரையிலும், உள்ளே வேறு பொருளிருக்க, வெள்ளி மேற்பரப்பில் ஒளிர்கிறது.