தாத்தா விட்டுவந்த ஊர் எது?

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் பூமாலைக் கடைகளும், ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த பழைய குடியிருப்புகளும்தான் தமிழர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த வட்டாரத்திற்குப் பெயர் தந்த செங்கல் சூளைகளின் கதையைத் தேடிப் போனால், அங்கே இரண்டு சீனத் தலைவர்கள் நிற்கிறார்கள். 1881ஆம் ஆண்டு ஜனவரியில் தீயும், அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தச் செங்கல் தொழிலோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்கள் காப்பித்தான் யாப் ஆ லோய், அவருக்குப் பின் வந்து கடைசிக் காப்பித்தானாக இருந்த யாப் குவான் செங். இருவரும் ஹக்கா சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

ஹக்கா என்ற சொல்லுக்கே 'விருந்தாளிக் குடும்பம்' என்றுதான் பொருள். வட சீனாவிலிருந்து பல நூற்றாண்டுகளில் படிப்படியாகத் தெற்கே இறங்கி வந்தவர்கள் என்பதால், தென் சீனாவின் பழங்குடியினர் அவர்களுக்கு இட்ட பெயர் அது. நல்ல நிலமெல்லாம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால், ஹக்காக்களுக்கு மலைச்சரிவுதான் மிஞ்சியது. மலையைத் தோண்டிப் பழகியவர்கள் கடல் தாண்டி வந்து ஈய லம்பங்களில் இறங்கியதில் வியப்பில்லை. அம்பாங்கில் வரிசையில் நின்று நாம் சாப்பிடும் யோங் தாவ் பூ அவர்கள் வீட்டுச் சமையல்தான்.

இப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வாழ்கிறார்கள். "ஒருமுறை தாத்தாவின் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமே" என்ற ஆசை அவர்களில் பலருக்கும் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியர்கள் விசா இல்லாமலே சீனாவுக்குப் போகலாம் என்று ஆன பிறகு, விமான டிக்கெட் எடுப்பது பெரிய காரியமில்லை. இறங்கிய பிறகு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

யாப் ஆ லோயையே எடுத்துக்கொள்வோம். 1837இல் பிறந்தவர். 1854இல் பதினேழு வயதில் மலாக்காவுக்கு வந்து இறங்கினார். சில காலம் கழித்து உறவினர் ஒருவர் பணம் கொடுத்து அவரை ஊருக்கே திருப்பி அனுப்பினாராம். சிங்கப்பூரில் கப்பலுக்குக் காத்திருந்தபோது அந்தப் பணம் சூதாட்டத்தில் போய்விட்டது என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அன்று சூதில் ஜெயித்திருந்தால் கோலாலம்பூரின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்! ஊர் திரும்பாத அந்த இளைஞர் 1862இல் கோலாலம்பூர் வந்து, 1868இல் காப்பித்தானாகி, 1885இல் இங்கேயே மறைந்தார்.

அவர் பிறந்த ஊர் தம்சுயி என்று எல்லாப் புத்தகங்களும் எழுதுகின்றன. ஹக்கா பேச்சில் தம்சுயி என்றால் மாண்டரினில் தான்ஷுய். அதே எழுத்துகளோடு தைவானில் ஒரு துறைமுக ஊரும் இருக்கிறது. அவசரப்பட்டு வரைபடத்தைத் திறப்பவர் முதலில் தைவானுக்குத்தான் போய்ச் சேருவார். காப்பித்தானின் தம்சுயி இருப்பது குவாங்டோங் மாநிலத்தில், ஹுய்சோ நகருக்கு உட்பட்ட பகுதியில். அவர் காலத்தில் குய்ஷான் என்று இருந்த மாவட்டம் 1912இல் ஹுய்யாங் ஆகிவிட்டது. இத்தனை பெயர் பெற்ற மனிதருக்கே இந்தக் குழப்பம் என்றால், லம்பத்தில் மண் சுமந்த ஒரு கூலிக்காரரின் ஊரைத் தேடும் குடும்பம் என்ன பாடுபடும்!

யாப் குவான் செங்கின் பூர்வீகம் இன்னும் சுவையானது. சிஷி என்பது அந்த இடத்தின் பெயர். 1855 முதல் 1867 வரை குவாங்டோங்கில் ஹக்காக்களுக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே கடுமையான சண்டை நடந்தது. உயிர்ச்சேதம் மிகப் பெரியது. கடைசியில் ஹக்காக்களுக்கென்றே ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அதுதான் சிஷி. பிறகு மாவட்டமாகவும் இருந்தது. 1953இல் அதைத் தைஷானோடு இணைத்துவிட்டார்கள். ஆக, கல்லறையில் 'சிஷி மாவட்டம்' என்று பொறித்திருந்தாலும், இன்றைய வரைபடத்தில் அப்படியொரு மாவட்டம் கிடையாது. தைஷானுக்குள் ஒரு சிற்றூராகத்தான் அதைத் தேட வேண்டும்.

கல்லறை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீனக் கல்லறைகளில் இறந்தவரின் பெயரோடு அவர் வந்த மாவட்டத்தையும், பல நேரங்களில் கிராமத்தையும் பொறிப்பது வழக்கம். ஏப்ரல் 4 அல்லது 5ஆம் தேதி செங் பெங் நாளில் குடும்பத்தோடு போய்ப் புல்லைச் செதுக்கி, ஊதுவத்தி ஏற்றுகிறார்களே, அந்தக் கல்லே அவர்களுக்கு முதல் ஆவணம். யாப் ஆ லோயின் கல்லறை உள்ள கோலாலம்பூர் குவாங்டோங் இடுகாடு 1895இல் தொடங்கப்பட்டது. அங்கே நடந்து போனால் தென் சீனாவின் மாவட்டப் பட்டியலையே வாசித்துவிடலாம்.

இரண்டாவது துணை, சங்கம். ஹுய்சோ, ஜியாயிங், தாபு என்று மாவட்டத்திற்கு மாவட்டம் கோலாலம்பூரில் சங்கங்கள் உண்டு. புதிதாகக் கப்பலில் வந்தவனுக்குப் படுக்க இடமும், இறந்தவனுக்கு இடுகாடும் கொடுத்தவை இவை. ஒரே குலப்பெயர் கொண்டவர்களுக்குத் தனிச் சங்கங்களும் இருக்கின்றன. எந்தத் தலைமுறையில் பிறந்த ஆண்பிள்ளைக்குப் பெயரில் எந்த எழுத்து வர வேண்டும் என்று முன்னோரே வரிசை போட்டு வைத்திருப்பார்கள். தாத்தாவின் பெயரில் உள்ள அந்த ஓர் எழுத்து, அவர் எந்தக் கிளையில் எத்தனையாவது தலைமுறை என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம் கிடந்தால் இன்னும் நல்லது. வெளிநாடு போன சீனர்கள் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்கள் சுமார் 1,60,000, யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2013இல் இடம்பெற்றன.

இவ்வளவு தாள்கள் இருந்தும் பலர் ஏன் போகவில்லை? போக விடவில்லை என்பதுதான் உண்மை. 1949இல் சீனாவில் ஆட்சி மாறியது, இங்கே அவசரகாலம். 1974 மே மாதம் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்று அரச உறவை ஏற்படுத்திய பிறகும், சாதாரண மக்கள் நினைத்தபடி போய்வர முடியவில்லை. 1990இல்தான் அந்தக் கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறையே கண்மூடிவிட்டது. அங்கேயோ, 1966இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் எத்தனையோ வம்சாவளிப் புத்தகங்கள் தீக்கிரையாயின. அந்தப் புத்தகங்களிலும் பொதுவாக மகள்களின் பெயர் இருக்காது. பாட்டி வழியில் தேடுபவர்களுக்கு அங்கே கதவு அடைத்தே கிடக்கிறது.

ஆனாலும் கதவு திறந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் உயர் பொறுப்பிலிருந்து 2011இல் ஓய்வு பெற்ற பௌலா வில்லியம்ஸ் மேடிசன், நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய தாயின் தந்தை ஜமைக்காவில் கடை வைத்திருந்த சாமுவேல் லோ என்ற ஹக்கா. 1933இல் சீனா திரும்பியவர். மகளை அதன்பின் பார்க்கவே இல்லை. மேடிசன் கையில் இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான். 2012இல் டொராண்டோவில் நடந்த ஹக்கா மாநாட்டுக்குப் போய் விசாரித்தார். அதே ஆண்டிலேயே ஷென்ஜென் நகரின் லோங்காங் பகுதியில் தாத்தாவின் குலத்தையும், உயிரோடிருந்த தாய்மாமன்களின் குடும்பங்களையும் கண்டுபிடித்தார். அங்கே போய் இறங்கித் தேடவில்லை. போகும் முன்பே ஆள் கண்டு பேசிவிட்டார்.

இந்த இடத்தில் தமிழர்கள் தங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நமக்கு அரசியல் தடை பெரிதாக இருந்ததில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ரஜூலா கப்பல் 1926இல் தொடங்கி 1973 வரை ஏற்றி இறக்கியது. ஆனால் சீனர்களுக்கு உள்ள குலப்பெயர் நமக்கு இல்லை. முனியாண்டி த/பெ கருப்பையா என்ற அளவில் நின்றுவிடுகிறது. கருப்பையாவின் தகப்பன் பெயர் கேட்டால் வீடே மௌனமாகிவிடும். நம் சமாதிகளில் ஊர் பெயர் பொறிப்பதும் அரிது. நிலம் இல்லாததால்தானே பெரும்பாலோர் கப்பல் ஏறினார்கள்? அதனால் பட்டாவில் தேடியும் பலனில்லை.

'வட ஆற்காடு' என்று மட்டும் தெரிந்தால் போதாது. 1989இல் தொடங்கிய பிரிவினையில் அது இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்கு மாவட்டங்கள். சேலத்திலிருந்து 1965இல் தர்மபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. 'புதூர்' என்றால் எந்தப் புதூர்?

சீனர்களின் குலச் சங்கத்துக்கு ஈடாக நம்மிடம் ஒன்று இருக்கிறது. குலதெய்வம். ஊர் பெயரை மறந்த குடும்பமும் சாமியின் பெயரை மறப்பதில்லை. முடி இறக்கும்போதும், காது குத்தும்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அந்தச் சாமிக்கு எந்த ஆற்றங்கரையில், எந்த மலையடிவாரத்தில் கோயில் என்று பாட்டிக்கு ஒரு வரியாவது ஞாபகம் இருக்கும்.

இன்னொரு வழி கங்காணி. 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரை, தோட்டத்துக் கங்காணி பெரும்பாலும் தன் சொந்த ஊருக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய்த்தான் ஆள் கட்டி வந்தார். ஒரே கங்காணியின் கீழ் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் அநேகமாக ஒரே வட்டாரத்துக்காரர்கள். தங்கள் தாத்தாவின் ஊர் தெரியாதவர்களுக்குப் பக்கத்து லயத்துக்காரரின் ஊர் தெரிந்திருக்கலாம். கிள்ளான் வட்டாரத்தில் மூடப்பட்ட தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த எண்பது வயதுக்காரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "தாத்தா எந்த ஊர்?" என்று கேட்டால், "இந்தியா" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். "எந்தக் கங்காணியோட வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்க நேரமாகும்.